ஹெரால்டும் பனியன் வேஸ்ட்டும்

அப்பா முதன்முதலில் வாங்கிய கார், கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் ஓட்டித் தீர்த்துவிட்டு விற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எண்பதுகளின் தொடக்கம், திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. எங்களுடையது நாலைந்து பின்னல் மிஷின் ஓடும் சின்ன பனியன் கம்பெனி. அந்த வரும்படிக்குக் கார் கொஞ்சம் அதிகம்தான். "பையர் வந்தா ஸ்கூட்டர்லயா கூட்டிட்டு வர்றது?" என்று அப்பா சொன்ன காரணத்தை அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. பையர் யாரும் அந்த வண்டியில் ஏறி நான் பார்த்ததுமில்லை.

அது இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் வந்த வண்டி. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் மெட்ராஸுக்குப் பக்கத்தில் வண்டலூரில் அதைச் செய்தார்கள். அதே சேஸைக் குறுக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். நான் இதையெல்லாம் வளர்ந்தபின் படித்தேன். எங்கள் காரைப் பார்த்துவந்த மெக்கானிக் மேஸ்திரிக்கு அன்றைக்கே தெரியும். இளவயதில் மெட்ராஸில் வேலை பார்த்தவர். சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் ஹெரால்டு பறந்ததைப் பார்த்தவர். "பாக்கத்தானுங்க இது குடும்ப வண்டி. எலும்பெல்லாம் ரேஸ் வண்டிங்க" என்பார். அப்பாவுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பெருமை தாங்காது.

ஹெரால்டின் பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் மூக்கு மொத்தமும் முன்பக்கமாகச் சாயும். முன்சக்கரங்கள் இரண்டும் வெட்டவெளியில் நிற்கும். மேஸ்திரி ஒரு டயர்மேல் திண்ணையில் உட்காருவது மாதிரி உட்கார்ந்துகொள்வார். எதிர் டயர் எனக்கு.

பல்லடம் ரோட்டு ஏற்றத்தில் வண்டி மிஸ்ஸிங் அடித்தது. நிறுத்தினால் ஐட்லிங்கில் நிற்காமல் அணைந்தது. "கார்ப்பரேட்டர எறக்கிப் பாத்தர்லாமுங்க. ஞாயித்துக்கெழமை வர்றேன்" என்றார் மேஸ்திரி. ஞாயிறுதான் வேண்டும் என்றதற்குக் காரணம் இருந்தது. அன்றைக்குத்தான் மிஷின் ஓடாது. இன்ஜின் சத்தம் காதில் விழும்.

சோலெக்ஸ் கார்ப்பரேட்டர். எனாமல் தட்டில் பெட்ரோலை ஊற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் போட்டார். கழுவிய பித்தளை ஜெட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்து என்னிடம் காட்டினார். ஜெட்டில் வெட்டியிருக்கும் எண் துளையின் அளவு: 100 என்றால் ஒரு மில்லிமீட்டர், 105 என்றால் அதைவிட நூலளவு பெரிது. அந்தத் துளையின் குறுக்கே வெள்ளையாக ஓர் இழை நின்றது. பஞ்சு.

எங்கள் ஊரில் பஞ்சு எதில்தான் இல்லை? மிஷின் மேல், மின்விசிறி இறக்கையில், அப்பாவின் புருவத்தில்கூட இருக்கும். ஆனால் இது காற்றில் வந்ததில்லை என்றார் மேஸ்திரி. முன்னால் யாரோ கழற்றியபோது பனியன் வேஸ்ட்டால் துடைத்திருக்கிறார்கள். எங்கள் கட்டிங் மேஜையில் விழும் துண்டுகள்தாம் மூட்டை மூட்டையாகப் போய் ஊர் ஊராக ஒர்க்‌ஷாப்புகளில் கை துடைக்கின்றன. நானும் கை நிறைய வேஸ்ட்டோடுதான் உட்கார்ந்திருந்தேன். "அத அப்பிடி வெய்யி கண்ணு. கையி தொடைக்க ஆகும், கார்ப்பரேட்டருக்கு ஆகாது" என்றார். சைக்கிள் பம்ப்பை எடுத்துவரச் சொல்லிக் காற்றடித்தார். கம்பி விட்டுக் குத்துகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பித்தளை இளகினது, கம்பி உரசினால் துளை அகலும், அப்புறம் வண்டி பெட்ரோலாகக் குடிக்கும்.

அடுத்து ஃப்ளோட். காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே பெட்ரோல் சலசலத்தது. அம்மாவிடம் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி அதில் அமுக்கினார். ஓரிடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழியாக வந்தது. ஓட்டை அங்கேதான். உள்ளிருந்த பெட்ரோல் முழுக்கப் போகும்வரை மொட்டை மாடி வெயிலில் காய்ந்தது ஃப்ளோட். ஈரத்தோடு பற்றவைத்தால் வெடித்துவிடும். பிறகு ஈயத்தை ஒரு பொட்டு வைத்தார். கனம் கூடினால் ஃப்ளோட் தாழும், வால்வு நேரத்துக்கு மூடாது, பெட்ரோல் வழியும். அந்த ஒரு பொட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அப்பா இரண்டு டீ குடித்துவிட்டார்.

கார்ப்பரேட்டரின் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று இழுத்தது. அதற்கு, பின்னல் மிஷின் பாகங்கள் கடையும் லேத் பட்டறைக்காரர் புஷ் போட்டுக் கொடுத்தார். பேக்கிங் ஷீட்டைக் கார்ப்பரேட்டர் மேலே வைத்துச் சுத்தியலால் ஓரமாகத் தட்டித் தட்டியே மேஸ்திரி வெட்டியெடுத்தார். மாட்டி முடித்ததும் ஐட்லிங் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை உள்ளே முடுக்கினார், இன்ஜின் தடுமாறியது. மெல்ல வெளியே விட்டார்; சீராகியது. அதற்கு மீட்டர், கருவி எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷத்தில் அப்பா எங்களை ஊட்டிக்குக் கூட்டிப்போனார். குன்னூர் தாண்டியதும் வண்டி கறுப்பாகப் புகைந்தது, இழுவையும் குறைந்தது. ஊட்டியிலிருந்து ட்ரங்க் கால் போட்டு, மேஸ்திரியின் பட்டறைக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குச் சொல்லி, அவரை வரவழைத்துப் பேசினார்.

"ஏழாயிரம் அடி உசரமுங்க. காத்து கம்மி, பெட்ரோல் அதே அளவுதான் போவுது. பொகைக்கத்தான் செய்யும். எறங்குனாச் செரியாயிருமுங்க."

மேட்டுப்பாளையம் வந்ததும் சரியாகிவிட்டது. ட்ரங்க் காலுக்கு ஆன காசை அம்மா வெகுகாலம் சொல்லிக்காட்டினாள்.