தோலோடு ஒரு கோழி

"தோலோடவா? இன்னாத்துக்கு சார்?" என்றார் கோழிக்கடைக்காரர். கேட்டதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் கோழி வாங்கினால் தோலை உரித்துத்தான் கொடுப்பார்கள். வயிற்றில் பூரணம் வைத்துத் தைக்கிற கோழிக்கோ தோல்தான் சட்டை. அது கிழிந்தால் எல்லாம் போச்சு.

கிறிஸ்துமஸ் ரோஸ்ட்டுக்காக நான் அலைந்தது பேசின் பிரிட்ஜ் பக்கம். சென்ட்ரலுக்குள் நுழையும் முன் சிக்னல் கிடைக்காமல் ரயில் நிற்குமே, அதே இடம்தான். 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாலேயே பெரம்பூர்ப் பணிமனையும் வந்தது. ரயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. வேலையில் அவர்களுக்கிருந்த தனி ஒதுக்கீடு அரசியல் சாசனப்படி 1960இல் முடிந்தது. பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்றவர்களின் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

முதலில் வான்கோழிக்குத்தான் ஆசைப்பட்டேன். 1612இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியைப் பார்த்து வியந்த முகலாய மன்னர் ஜஹாங்கீர், தன் ஓவியர் மன்சூரைக் கொண்டு அதைப் படமாகவே எழுதவைத்தார். அவ்வளவு அபூர்வம். டிசம்பர் கடைசி வாரத்தில் வடசென்னையில் இன்றைக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். ஆனால் முட்டை பொரியவே 28 நாள், கறிக்குத் தேற அதற்குமேல் நான்கைந்து மாதம். பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் தயார். 22ஆம் தேதி ஞானோதயம் வந்தவனுக்குக் கோழியே போதும்.

கடைக்காரர் சொல்லித்தான் பாயிடம் போனேன். கல்யாண பிரியாணி மாஸ்டர். அவருடைய அப்பா ரயில்வே பங்களா ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். முர்க் முசல்லத்துக்கு வேகவைத்த முட்டையை உள்ளே வைத்துத் தைத்துப் பழகிய கை. "ரெண்டும் ஒரே தையல்தான் தம்பி. அவங்களுக்கு ரொட்டி, நமக்கு முட்டை."

முதல் நாள் ரொட்டியை உதிர்த்து வைத்திருந்தார். வெங்காயம், பொடியாக நறுக்கிய ஈரல், கைமா, மிளகு, புதினா, ஒரு பிடி திராட்சை. எல்லாவற்றையும் வெண்ணெயில் வதக்கி, ரொட்டித் தூளைப் போட்டுக் கிளறி ஆறவிட்டார். போன வருஷம் ஓர் ஓட்டலில் வாங்கிய கோழி வெளியே பொன்னிறம், உள்ளே ஈரலும் கைமாவும் பச்சை. அப்படியே குப்பைக்குப் போனது. சூடு கடைசியாகப் போய்ச் சேர்கிற இடம் பூரணம்தான். அதன் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாக வேண்டும். பாய் டிகிரி பார்ப்பதில்லை. வேகவைத்த பூரணத்தைத்தான் வைக்கிறார். நாலு கரண்டி பிடிக்கிற வயிற்றில் மூணு கரண்டி. "ரொட்டி சாறு குடிச்சு ஊதும் தம்பி. ரொப்பினா தையல் பிச்சுக்கும்."

கோணி ஊசியை நெருப்பில் காட்டித் துடைத்தார். தோலின் விளிம்பில் குத்தினால் கிழியும் என்று அரை விரல் உள்ளே தள்ளித்தான் ஒவ்வொரு குத்தும். மொத்தம் ஏழு. கால் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். நூலுக்கு மட்டும் கடைசி முடிச்சுப் போடவில்லை, நுனியை நீளமாக விட்டுவிட்டார். பரிமாறும்போது ஒரே இழுப்பு, நூல் முழுசாகக் கையோடு வந்துவிடும். அப்பாவிடம் படித்ததாம்.

பாய் வீட்டில் ஓவன் கிடையாது. அந்தக் காலத்திலும் பல வீடுகளில் கிடையாது. தேக்சா மூடிமேல் தணல் கொட்டுவார்கள். இல்லாவிட்டால் கேக் மாவு போகிற பேக்கரிக்கே கோழியும் போகும். நாங்களும் போனோம்.

அடுத்த தெரு பேக்கரியில் விறகு அடுப்பு. ரொட்டியும் பன்னும் வெளியே வந்தபின், தணலை வாரிவிட்டு, செங்கல் பிடித்துவைத்திருக்கும் சூட்டில்தான் ரோஸ்ட். ராத்திரி இரண்டு மணிக்கு வேலைக்கு வந்த அடுப்புக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே போட்டார். கருகியது. "இன்னும் கொஞ்சம் அடங்கணும்" என்று டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து போட்ட காகிதம் மெல்லப் பழுப்பேறியது. தட்டை வாழை இலையால் மூடி, நீளத் துடுப்பில் வைத்து உள்ளே தள்ளினார். முக்கால் மணி கழித்து இலையை எடுத்தார். மொத்தம் இரண்டு மணி நேரம். தொடையில் கம்பி குத்திப் பார்த்தார். சிவப்பு இல்லை, சாறு தெளிவு.

தட்டுக்கு வாங்குகிற காசு முதலாளிக்கு. அடுப்புக்காரருக்கு வழக்கமான கூலிதான். இது எனக்குச் சரியாகப் படவில்லை. பேக்கரி ரோஸ்ட் என்று நாம் மெச்சுவதெல்லாம் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொல்கிற கண்ணைத்தான்.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் சொல்லிவையுங்கள், தட்டை நீங்களே கொண்டுபோங்கள், அடுப்படியில் நிற்பவர் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள். 24ஆம் தேதி சாயங்காலம் மட்டும் போய் நிற்காதீர்கள். அன்றைக்கு அடுப்பு முழுக்கக் கேக்.