அரை மணி நேரம்

என் நாவல்களில் இதுவரை ஏழெட்டுப் பிரசவங்கள் நடந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் குழந்தை வீறிட்டு அழும், தாய் வாரி அணைப்பாள், மார்பு சுரக்கும், அத்தோடு அத்தியாயம் முடிந்துவிடும். நானும் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவேன். 'மார்பு சுரக்கும்' என்று எழுதிவிட்டுப் போகிறோமே, அதற்குள் எவ்வளவு கண்ணீர் அடங்கியிருக்கிறது என்பது, போன வருஷம் என் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சிஸேரியன் பிரசவம். பெண் குழந்தை. வயிற்றில் தையல், மகளால் புரண்டு படுக்க முடியவில்லை. முதல் நாள் இரவு நான் சற்றுக் கண்ணயர்ந்த வேளையில் ஒரு நர்ஸ் வந்து, "தாய்க்கு இன்னும் பால் வரலே" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிப் போனாள். பால் பவுடரைக் கரைத்துப் பாட்டிலில் புகட்டி, திரும்பக் கொண்டுவந்து கிடத்தினாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தை தூங்கியது. எல்லாருக்கும் நிம்மதி, என் மகளைத் தவிர.

மறுநாள் மார்பில் வைத்தால் குழந்தை இரண்டு தரம் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது. காம்பெல்லாம் புண். "எனக்குப் பாலே இல்லையா அம்மா?" என்றாள் மகள்.

நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "இல்லாவிட்டால் போகிறது! நீயும் டப்பாப் பாலில் வளர்ந்தவள்தானே?" ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் சொன்னது பொய்யில்லை. 1990-ல் அவள் பிறந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும் சமயம் என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். இலவசம். டப்பாவின்மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. என் குழந்தையோ நோஞ்சான். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே என்மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. இரண்டு டப்பா தீருவதற்குள் எனக்குப் பாலும் வற்றிவிட்டது. ஏன் வற்றியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று மாலை வேறொரு நர்ஸ் டியூட்டிக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது.

"பால் இல்லேன்னு யார் சொன்னது, கண்ணு? முதல் ரெண்டு மூணு நாள் சீம்பால் இத்துணூண்டுதான் வரும். குழந்தைக்கும் இப்போ அவ்வளவுதான் வேணும். பாட்டிலாலே வயிறு ரொம்பிட்டா அது எதுக்குச் சப்பும்? சப்பினாத்தானே ஊறும்? இறைக்கிற கிணறுதானே ஊறும்?"

முப்பது வருஷங்களுக்குமேல் கழித்து எனக்கும் விடை கிடைத்தது.

தையலில் பாரம் விழாதபடி குழந்தையை மகளின் அக்குளுக்குக் கீழே, தலையணைமேல் படுக்கவைத்தாள். குழந்தை வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்தாள். காம்பு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி, மோவாய் மார்பில் படும்படி அணைத்துக் காட்டினாள். மூன்று தடவை தவறிற்று. நான்காவது தடவை குழந்தை விழுங்கும் சப்தம் கேட்டது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். மொத்தம் அரை மணி நேரம்.

அடுத்த கட்டிலில் ஒரு பெண். கடுமையான மருந்து சாப்பிட்டு வந்தபடியால், பால் கொடுக்கக் கூடாதென்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, "தாய்ப்பால் கொடுக்காதவளும் ஒரு தாயா!" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணின் பக்கத்திலும் அதே நர்ஸ் அதே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொதித்த தண்ணீர், தலைதட்டி அளந்த பவுடர், சிக்கனம் பார்த்து நீர்க்கக் கரைக்கக் கூடாது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், பாட்டிலுக்குப் பதில் பாலாடையே நல்லது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். குரலில் ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. அங்கேயும் அரை மணி நேரம்.

வீட்டுக்கு வந்தபின் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 1989-ல் பத்துப் படிகளை வகுத்தன. 2018-ல் அவற்றைத் திருத்தி வெளியிட்டன. பிறந்த சற்று நேரத்திலேயே மார்பில் வைக்க உதவுவது, தாயையும் சேயையும் இரவும் பகலும் பிரிக்காமலிருப்பது, மருத்துவக் காரணமின்றி வேறெதுவும் புகட்டாதிருப்பது என்று போகின்றன அவை. எனக்குப் பட்டது ஒன்று: இவை தாய்க்கு இட்ட கட்டளைகள் அல்ல, ஆஸ்பத்திரிக்கு இட்டவை. நாமோ எல்லாப் பாரத்தையும் தையல் போட்ட பெண்ணின் தலையில் சுமத்திவிட்டு, "தாய்ப்பாலே அமுதம்" என்று சுவரில் எழுதிவைக்கிறோம். அமுதம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் சுவர் நாற்காலியில் உட்கார்ந்து கற்றுத்தருமா?

1992-ல் நம் நாட்டில் வந்த சட்டம், டப்பாவின்மேல் குழந்தை படம் போடக் கூடாதென்றது. தாய்மாருக்கு இலவச டப்பா கொடுப்பதையும் தடுத்தது. என் மகள் பிறந்து இரண்டு வருஷம் கழித்து வந்த சட்டம்! சிரிக்கும் அந்தக் குழந்தை போய்விட்டது. "பால் போதாது" என்று சொல்லும் நாக்குகளுக்குத்தான் சட்டமில்லை. அவற்றில் என் நாக்கும் ஒன்றாக இருந்தது.

என் வயதுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனால், "பால் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா? கொஞ்சம் தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள்.

புறப்படும் நாளில் நன்றி சொல்ல அந்த நர்ஸைத் தேடினேன். டியூட்டி முடிந்து போய்விட்டாளாம். முந்தின நாள் அவள் சொல்லியிருந்தாள்: "அஞ்சு நாளைக்கு அப்புறம், ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைஞ்சா வயிறு நிறையுதுன்னு அர்த்தம், பாட்டியம்மா."

எட்டாம் நாள் கொடியில் துணி உலர்த்தும்போது எண்ணிப் பார்த்தேன். ஏழு இருந்தன.