இரண்டு இருமல்கள்

கொரோனா காலத்தில் யாராவது இருமினால் பக்கத்தில் நின்றவர் நகர்ந்து போனார். 'நெகட்டிவ்' என்று முடிவு வந்தால் நிம்மதியாக வீடு திரும்பினார்கள். அந்த இருமல் காசநோயாக இருக்குமோ என்று எத்தனை பேரைச் சோதித்துப் பார்த்தோம்?

இந்தியாவில் 2019-இல் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம் பேர். 2020-இல் 18 லட்சம்தான். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. சளியில் காசநோயைக் கண்டறியும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகளில் பல கொரோனா பரிசோதனைக்குப் போயின. அவற்றை இயக்கிய ஊழியர்களும் போனார்கள். ஊரடங்கில் பேருந்து இல்லை, கூலியும் இல்லை. கண்டுபிடிக்கப்படாதவர் ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகளுக்கு நடுவே இருமிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளாக இறங்கிவந்த உலகக் காசநோய்ச் சாவுகள் அந்த ஆண்டு மறுபடி ஏறின. என் மனம் இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் காசநோயிலிருந்து குணமாகலாம் என்று 1959-இல் ஓர் ஆய்வின் மூலம் உலகுக்குக் காட்டியது நம் சென்னை. சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களுக்கு நிகராக, நெரிசலான வீடுகளில் இருந்த ஏழைகளும் தேறினார்கள். குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடவில்லை. எவ்வளவு பெரிய விஷயம் அது!

அடுத்த பெருந்தொற்று வந்தாலும் காசநோய்க் கருவியையும் களப்பணியாளரையும் ஒட்டுமொத்தமாகப் பிடுங்காதீர்கள். ஒரே இருமலுக்கு இரண்டு பரிசோதனையையும் சேர்த்தே செய்யலாம்.

உங்கள் தெருவில் இரண்டு வாரம் தாண்டியும் யாராவது இருமினால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.