இடப்பாகம்

“சாரோட வண்டிங்களா மேடம்?”

பெட்ரோல் பங்கில் இதைக் கேட்காத பையன் அநேகமாக இல்லை. டேங்க் மூடியைத் திறந்து, பையிலிருக்கும் ஆயில் பாட்டிலை எடுத்து, லிட்டருக்கு 30 மில்லி கணக்கில் ஊற்றிவிட்டு அப்புறம் பெட்ரோல் போடச் சொல்வேன். அந்த நேரத்தில் கேள்வி வந்துவிடும். என் வீட்டு சாருக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் அவருக்கு இல்லை. முன்பெல்லாம் “எங்கப்பாவோடது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆர்.சி.யில் என் பெயர் ஏறியது 2018இல். அப்போதும் “என்னோடது” என்று சொல்ல வாய் வர மேலும் ஒரு வருடம் ஆயிற்று. சொல்லிவிட்டு வண்டியை உதைக்கும்போது, எதைக் கொடுத்து அது என்னுடையதாயிற்று என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

1984இல் அப்பா வாங்கிய யெஸ்டி 250. எனக்கு அப்போது ஆறு வயது. பாலக்கோட்டுக்காரர்களுக்குச் சென்னையைவிட பெங்களூர்தான் கிட்டம். அதனாலோ என்னவோ, என் சின்ன வயதில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் புல்லட்டைவிட ஜாவாவும் யெஸ்டியும்தான் அதிகம் கண்ணில் படும். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டியை உரிமம் வாங்கி மைசூரில் 1961இலிருந்து செய்துவந்த ஐடியல் ஜாவா நிறுவனம், பிற்பாடு தன் வண்டிகளுக்கு யெஸ்டி என்று பெயர் வைத்தது. ஈரானில் யஸ்து என்றொரு பழைய நகரம் இருக்கிறது, பார்சிகளின் பூர்வீகத்தோடு சேர்ந்த ஊர். அந்த ஊர்ப்பெயர் மைசூரில் வண்டியாகி பாலக்கோட்டுத் தக்காளி மண்டி வாசலில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. 1996இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அப்பா வண்டியை நிறுத்தவில்லை.

இந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே கம்பி. இடதுகாலடியில் இருக்கும். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்து முடித்ததும் பழைய இடத்துக்குத் திருப்பினால் அதுவே கியர். தெரியாதவர்கள் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்து கிக்கரைத் தேடுவார்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருந்தால் கார்பரேட்டர் பக்கத்திலிருக்கும் சின்னப் பொத்தானை, பெட்ரோல் கசிந்து விரலை நனைக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம் இரண்டு உதை சாவி போடாமல், மூன்றாவது சாவி போட்டு. ஏறத்தாழ 140 கிலோ எடை. இடுப்பில் தாங்கிப் பிடிக்கத் தெரியாதவரை கீழேதான் சாயும். விரலில் அந்தப் பெட்ரோல் வாசனையோடு போய் முதல் வகுப்பில் நன்னூல் நடத்தியிருக்கிறேன். முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சுளிப்பது தெரியும்.

வண்டிக்கு இரண்டு சைலன்சர், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. எங்கள் ஊரில் பெண்கள் வண்டியில் உட்காருவது ஒருபக்கமாக, இடப்பக்கம் கால் தொங்கவிட்டு. ஒரு பக்கம் மட்டும் சைலன்சர் வைத்த வண்டிகளில் அது பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும், பெண் தப்பித்துவிடுவாள். யெஸ்டியில் தப்பிக்க வழியில்லை. அம்மாவின் இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அவனை மடியில் வைத்துக்கொண்டு காரிமங்கலத்துக் கல்யாணத்துக்குப் போன வழியில் சுட்டது. குழந்தை கையில் இருந்ததால் காலை எடுக்கவும் முடியவில்லை, கத்தவும் இல்லை. மண்டபத்தில் இறங்கிய பிறகுதான் அப்பாவுக்கே தெரிந்ததாம். “கத்தியிருந்தா அவர் திரும்பிப் பாத்திருப்பாரு, வண்டி ஆடியிருக்கும்” என்பாள்.

மோட்டார் வாகன விதிகளில், 1989ஆம் ஆண்டின் மத்திய விதிகளில், 123ஆவது விதி இருசக்கர வண்டிகளுக்கானது. ஓட்டுபவரின் பின்னால் பிடித்துக்கொள்ளப் பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், பின்னால் அமர்பவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. விதியில் பெண் என்ற சொல் இல்லை. ஆனால் நாமெல்லாம் அந்தத் தடுப்பை ‘சாரி கார்டு’ என்றுதான் சொல்கிறோம். நல்ல விதிதான், எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனாலும் இந்த நாட்டின் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே, பின்னால் இடப்பக்கம் ஒரு புடவை உட்காரப்போகிறது என்ற எதிர்பார்ப்போடுதான் வருகிறது. முன்னால் புடவை உட்கார்ந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. திருச்செங்கோட்டில் சிவன் தன் இடப்பாகத்தை உமைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். எங்களுக்கும் வண்டியில் கிடைத்தது அதே பாகம்தான், சைலன்சரோடு சேர்த்து.

அப்பா 2015இல் இறந்தார். இரண்டு வருடம் வண்டி மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. சீட்டில் கோழி அடைகாத்தது.

2017இல் தம்பி நில விஷயத்தை எடுத்தான். மாரண்டஅள்ளிப் பக்கம் ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, பூர்வீகச் சொத்து. நான் தமிழ் படித்தவள்தான் என்றாலும் இந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். 1989 மார்ச் 25ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. அன்றைக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. நான் அன்று ஆறாம் வகுப்பு முடிக்கும் சிறுமி. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. பெண்ணெழுத்து பற்றிய தாளை நடத்தும்போது ஆண்டுதோறும் கரும்பலகையில் இந்த இரண்டு ஆண்டுகளையும் எழுதிப் போடுவேன்.

போட்டவள், சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு அந்தச் சொல் உறுத்தவில்லையா என்று கேட்டால், உறுத்தியது. ஆனாலும் போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. “உனக்கு சம்பளம் வருதுக்கா, எனக்கு இதுதான்” என்றான். உண்மைதான். கல்யாணத்தில் போட்ட பதினைந்து பவுனை அம்மா நினைவுபடுத்தினாள். அவளும் தன் பங்குக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டாள், எழுத்துக்கூட்டி, என் பேனாவில். கேட்டிருந்தால் அண்ணன் தம்பி உறவு போகும், பிறந்த வீட்டு வாசல் போகும், பொங்கலுக்கு வரும் சீர் போகும். இந்தக் கணக்கைப் போடாத பெண்ணை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. சட்டம் தெரிந்த பெண்ணும் இதே கணக்கைத்தான் போடுகிறாள். நான் போட்டேன்.

அன்றைக்கு வெளியே வந்து டீ குடிக்கும்போது “வண்டிய நான் எடுத்துக்கறேன்” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பழைய வண்டி சேகரிக்கும் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்து பார்த்து அறுபதாயிரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தம்பி ஒரு நிமிடம் யோசித்தான். “சரிக்கா, நீயே வச்சுக்கோ.” இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் “அக்காவுக்கு அப்பா வண்டியவே குடுத்துட்டேன்” என்பான். பொய்யில்லை. இறந்தவரின் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்ற 31ஆம் எண் படிவம். அதற்கு மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து வேண்டும். அவன் போட்டுக் கொடுத்தான். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்றபோது, ஒன்றரை ஏக்கரில் என் பங்கு 250 சிசியாகச் சுருங்கி என் கையில் இருந்தது.

ஓட்டுவதற்கு எனக்கு உரிமமும் இல்லை. இருந்தது ‘கியர் இல்லாத வண்டி’ என்ற பிரிவில். முப்பத்தொன்பது வயதில் மறுபடி எல்.எல்.ஆர். போட்டேன். அந்த வருடம்தான், 2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு 25,000 ரூபாய்வரை மானியத்தில் ஸ்கூட்டர் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. கியர் இல்லாத அல்லது தானியங்கி கியர் வண்டியாக, 125 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. எங்கள் தெருவிலேயே ஒரு நர்ஸ் அந்த ஸ்கூட்டரில்தான் இரவு ஷிப்டுக்குப் போய்வந்தாள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெண் என்றதும் அரசுக்கு நினைவில் வருவது கியர் இல்லாத வண்டி என்பதை மறக்கவும் முடியவில்லை.

வண்டிக்கு உயிர் கொடுத்தவர் பாய். பாலக்கோட்டில் யெஸ்டியின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் கடைசி மெக்கானிக். பிஸ்டன், ரிங், பாயிண்ட், இரண்டு சைலன்சர் என்று பெங்களூர் ஜே.சி. ரோட்டிலிருந்து பாகங்கள் வந்தன. முதல் நாள் என்னிடம் ஸ்பேனரைக் கொடுத்து, “பிளக்கைக் கழட்டுங்க டீச்சரம்மா. ரோட்ல நின்னா என்னைக் கூப்பிடக் கூடாது” என்றார். இன்றுவரை என் கைப்பையில் ஒரு உபரி பிளக்கும் உப்புத்தாளும் இருக்கும், சீப்பு இருக்கிறதோ இல்லையோ. ஞாயிற்றுக்கிழமை விடியலில் சர்க்கரை ஆலைப் பக்கச் சாலையில் பழகினேன். இரண்டு முறை விழுந்தேன். இரண்டாம் முறை கரும்பு வண்டிக்காரர் தூக்கிவிட்டு, வண்டிக்கு அடிபட்டதா என்றுதான் முதலில் பார்த்தார்.

பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஏழு வருடமாக இதுதான் என் தினசரி. சுடிதாரில் போய், துறை அலமாரியில் வைத்திருக்கும் புடவைக்கு மாறிக்கொள்வேன். எழுதி வைக்காத விதி அது. தக்காளி ஏற்றிய டெம்போக்களும் மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளும் சாலையை நிறைத்திருக்கும். மார்கழிப் பனியில் 6 வோல்ட் விளக்கு வழிகாட்டாது, ஆக்சிலேட்டரைத் திருகினால் எரியும், விட்டால் மங்கும். மாதத்தில் ஒருநாளாவது பிளக் கரி பிடித்து வண்டி நிற்கும். நின்றால் ஐந்து நிமிடத்தில் யாராவது வந்து “தள்ளிக்கங்க மேடம்” என்பார்கள். தள்ளிக்கொள்ளாமல் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுவதற்குள் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே இன்னும் கொஞ்சம் மெதுவாகத் துடைப்பதுண்டு.

இதெல்லாம் அவசியமா என்றால், இல்லை. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என் மாணவிகளில் பாதிப்பேர் அந்தப் பேருந்தால்தான் பட்டப்படிப்பை முடிக்கிறார்கள். நானும் அதில் போகலாம். வேதியியல் துறைத் தோழி என் சைலன்சர் புகையைக் காட்டிக் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டூ ஸ்ட்ரோக் புகை, எரியாத ஆயில். அவள் சொல்வது சரி. இருந்தும் காலையில் கை அந்தச் சாவியைத்தான் எடுக்கிறது. மாணவிகள் என்னைப் புதுமைப்பெண் என்று கைதட்டும்போது கூசுகிறது. பங்கைக் கேட்க முடியாதவள் ஓட்டும் வண்டி இது என்று அவர்களிடம் நான் சொன்னதில்லை.

‘வின்டேஜ் வண்டி’ என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். சட்டப்படி அது தப்பு. 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டினால்தான் வின்டேஜ். அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், தனி எண் வரிசை. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. என் வண்டிக்கு வயது 41. ஐந்து வருடத்துக்கொருமுறை கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளும் சாதாரணப் பழைய வண்டி. மரியாதை கூடினால் வீதி போய்விடும் என்பது பெண்களுக்குப் புதிதல்ல. தகடூர் எங்கள் ஊர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை நடந்த மண். அவளைக் கோலூன்றிய கிழவியாக்கித்தான் ஊர் ஊராக நடக்கவிட்டது பிற்காலக் கதை. காரைக்கால் அம்மையாரோ தசையை உதறிப் பேயுருக் கொண்ட பிறகுதான் தனியே வழி நடக்கிறார். நடுவயதில், உடம்போடு, மாதவிலக்கும் மூட்டுவலியுமாகச் சாலையில் போகும் பெண்ணுக்கு நம் மரபில் வாகனம் ஏதும் ஒதுக்கியிருக்கிறார்களா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன தையில் அம்மாவை மாரண்டஅள்ளிக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எழுபது வயது. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொன்னேன். “சீ, போ பாப்பா” என்று பழையபடி இடப்பக்கமே உட்கார்ந்தாள், சைலன்சரிலிருந்து காலை விலக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு. அப்பா தோளை அவள் பிடித்து நான் பார்த்ததில்லை, சீட்டுக் கம்பியைத்தான் பிடிப்பாள்.

திரும்பும்போது நிலம் வந்தது. தக்காளி போட்டிருந்தான், குச்சி நட்டு, கயிறு கட்டி, நன்றாகவே வைத்திருந்தான். “நிறுத்து” என்றாள். இறங்கி வரப்பில் ஏறிக் கிணற்றுப் பக்கம் நடந்தாள். சூடான எஞ்சினை அணைத்தால் சீக்கிரம் எடுக்காது, ஆக்சிலேட்டரைக் கையில் பிடித்தபடி சாலையோரம் நின்றேன். புடவைத் தலைப்பில் ஏழெட்டுப் பழத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து, தலைப்பு முடிச்சை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, “எடு, அவன் வந்துருவான்” என்றாள்.