இடுக்குப் பிள்ளையாரும் என் தொப்பையும்

டாக்டர் சொன்னது ரெண்டே வார்த்தை: "நடங்க, சார்." ஆபீஸ் நாற்காலியில் ஒன்பது மணி நேரம், பஸ் ஸீட்டில் ரெண்டு மணி நேரம் என்று உட்கார்ந்தே 34 வயதில் நான் சேர்த்த சொத்து... ஒரு தொப்பை, பார்டர்லைன் சர்க்கரை!

போனில் அப்பாவிடம் புலம்பினேன். "லீவு போட்டுட்டுத் திருவண்ணாமலைக்கு வாடா. பௌர்ணமி வேணாம், கூட்டமே உன்னைத் தள்ளிக்கிட்டுப் போயிடும். சாதாரண புதன்கிழமையா பார்த்து வா!"

விடிகாலை 5 மணி. 217 அடி ராஜகோபுரத்துக்கு எதிரே செருப்பைக் கழற்றச் சொன்னார். 14 கிலோமீட்டர், வெறுங்கால்! அவருக்கு வயசு 68.

"ரோட்டுல இடது ஓரமா நட. மலைப் பக்கம் சித்தர்கள் போற வழி."

"வேகமா போவாங்களாப்பா?"

"உன்னைவிட."

இந்திர லிங்கம், அக்னி லிங்கம் தாண்டி எம லிங்கத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கும்பிட்டேன். சர்க்கரை ரிப்போர்ட் பையிலேயே இருந்ததே! 1896-ல் 16 வயதுப் பையனாக வந்து, 1950-ல் மறையும்வரை இந்த மலையைவிட்டு நகராத ரமணரின் ஆசிரமத்தை அதற்கு முன்பே தாண்டியிருந்தோம். அங்கிருந்து அப்பா கிரிவலப் பாதையை விட்டுத் தெற்கே ஒதுங்கினார். சமுத்திரம் ஏரி! கரையில் ஏறினால் தண்ணீருக்குள் தலைகீழாக மலை. இத்தனை உயரத்தை ஒரு கொக்கு வந்து இறங்கி ஒரே நொடியில் கலைத்துவிட்டது. பத்து நிமிஷம் பேசாமல் நின்றோம்.

திரும்பி வந்து, செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் வளைந்ததும் மலையோரம் காடு. மரங்களுக்கு நடுவே ஒரு புள்ளிமான் எங்களைப் பார்த்தது.

"நான் காலேஜ் படிக்கறப்போ இது மொட்டை மலைடா. கோடைல ராத்திரி நெருப்பு கோடு கோடா ஊர்ந்து போகும்" என்றார். 1980-களின் கடைசியிலிருந்து தன்னார்வலர்கள் கன்று நட்டார்கள். காய்ந்த புல்லில் தீப்பிடித்தால் கன்றும் போச்சு. அதனால் கோடைக்கு முன்னாலேயே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை போடும் வேலையும் சேர்ந்துகொண்டது.

"நானும் ஒரு ஞாயித்துக்கிழமை பத்துக் கன்னு நட்டேன்."

"எதுப்பா?"

"எவன் கண்டான்? எல்லாமே என்னோடதுன்னு வச்சுக்கோ."

அடுத்த வளைவில் குரல் இறங்கியது. 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து அடிவாரத்து வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். "அன்னிக்கு ராத்திரி ஊரே தூங்கலை" என்றவர், அதற்கப்புறம் ஆதி அண்ணாமலை வரை வாயைத் திறக்கவில்லை.

வெயில் ஏறியதும் தார் ரோடு தோசைக்கல். குபேர லிங்கத்தில் நான் வேண்டியதை வெளியே சொல்லக் கூடாது. அடுத்து இடுக்குப் பிள்ளையார்! படுத்து, ஒருக்களித்து, நெளிந்து வெளியே வர வேண்டும். அப்பா பாம்பு மாதிரி வந்துவிட்டார். எனக்கோ தலை வெளியே வந்தது, தொப்பை உள்ளேயே தங்கிவிட்டது. "மூச்சை விடுங்க, சார்!" என்று பின்னாலிருந்து ஆலோசனை வேறு. கடைசியில் அப்பாதான் ரெண்டு கையையும் பிடித்து இழுத்தார்.

சுற்றி முடித்து, குழாயடியில் கால் கழுவும்போதுதான் பார்த்தேன். அவர் பாதத்தில் பெரிய கொப்புளம், உடைந்தே போயிருந்தது.

"ஏம்பா சொல்லலை?"

"சொன்னா நீ ஆட்டோ பிடிச்சிருப்பே."