கெப்பாசிட்டி

எங்கள் அலுவலகத்தில் ஒருவரை மூன்று விதமாகப் புகழ்வார்கள். கை சுத்தம் என்பார்கள். ஃபைலைத் தேக்க மாட்டார் என்பார்கள். எவ்வளவு போட்டாலும் ஸ்டெடி என்பார்கள். மூன்றாவதைச் சொல்லும்போதுதான் குரலில் உண்மையான மரியாதை இருக்கும். கெப்பாசிட்டி உள்ள ஆள்தான் கடைசியில் பில்லைப் பார்த்துக் கூட்டிச் சரிபார்ப்பான், மற்றவர்களை ஆட்டோவில் ஏற்றிவிடுவான், மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு நேரத்துக்கு சீட்டில் இருப்பான். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. ஒரு இன்கிரிமென்ட் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்; அந்தப் பெயர் போவதைத் தாங்கியிருக்க மாட்டேன்.

1948இல் சென்னை மாகாணம் முழுக்க வந்த மதுவிலக்கை 1971இல் கருணாநிதி அரசு தளர்த்தியது. சில வருஷத்திலேயே திரும்பக் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் மறுபடி திறந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பா தலைமுறையில் குடித்தவன் போலீசுக்கும் பயந்தான், வீட்டுக்கும் பயந்தான். எங்களுக்கு வீட்டுப் பயம் மட்டும் போதுமென்று ஆயிற்று. 2003இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனது. கடை மாறியது, கோஷ்டி மாறவில்லை. திருச்சி உறையூரில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடி, சனிக்கிழமை சாயங்காலம், வறுத்த கடலை, மிளகு தூக்கலாகப் போட்ட முட்டை, மாங்காய்ப் பத்தை. ரிட்டயர் ஆன பிறகும் அது தொடர்ந்தது.

அறுபதைத் தாண்டியதும் ஏதோ சரியில்லாமல் போனது. இரண்டாவது ரவுண்டிலேயே நாலாவது ரவுண்டின் பேச்சு வந்தது. மாடிப்படி இறங்கும்போது கை தானாகச் சுவரைத் தேடியது. படுத்ததும் தூக்கம் வந்தது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ நெஞ்சு படபடவென்று அடிக்க விழிப்பு வந்து, அதற்கப்புறம் விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் ஞாயிறு மதியத்தோடு தெளிந்துவிடும். இப்போது திங்கள்கிழமையையும் சேர்த்துக் கொண்டுபோனது.

எங்கள் மாடியில் இதற்கு எல்லோரும் ஒரே காரணம் சொன்னார்கள்: இப்போ வர்ற சரக்கு சரியில்லை. பிராண்டை மாற்றினார்கள். விஸ்கியிலிருந்து பிராந்திக்குப் போனார்கள், பிராந்தியிலிருந்து வோட்காவுக்கு. மிலிட்டரி கேன்டீன் சரக்கு யார் மூலமாவது கிடைத்தால் அதற்குத் தனி மவுசு. அதிலும் இரண்டு ரவுண்டில் கால் பின்னியது. அறுபது வயசு ஆண்பிள்ளை தன் உடம்பைக் குறை சொல்லுமுன் கம்பெனிகளையும் கவர்ன்மென்ட்டையும் குறை சொல்லித் தீர்த்துவிடுவான். முன்பு லேபிளில் 75 டிகிரி ப்ரூஃப் என்று போட்டார்கள், இப்போது 42.8 சதவீதம் என்று போடுகிறார்கள். கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதான்.

மாறியது உடம்பு. இளவயது ஆணின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். வயதாக ஆகத் தசை குறைந்து கொழுப்பு கூடுகிறது, தண்ணீர் எடையில் ஏறக்குறையப் பாதிக்கு இறங்குகிறது. சாராயம் கொழுப்பில் அவ்வளவாகச் சேராது, தண்ணீரில்தான் கலக்கும். பெரிய சட்டிக்குப் போடும் உப்பைச் சின்னச் சட்டியில் போட்டால் குழம்பு என்ன ஆகுமோ அதுதான் ரத்தத்துக்கும் ஆகிறது. கல்லீரலும் சுருங்குகிறது, அதற்குள் ஓடும் ரத்தமும் குறைகிறது; ஆகவே ஏறியது சீக்கிரம் இறங்குவதில்லை. மூளையோ கொஞ்சத்துக்கே தடுமாற ஆரம்பிக்கிறது. இதெல்லாம் மாத்திரை எதுவும் சாப்பிடாத ஆளுக்கு. எங்கள் மாடியில் அப்படி யாரும் இல்லை.

கோஷ்டியிலேயே மூத்தவரை அண்ணன் என்றே கூப்பிடுவோம். ஒரு நாள் அவர் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் குடித்தார். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் வாசலிலேயே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. போதையில் விழுந்துவிட்டார் என்று தெருவே பேசியது. அவ்வளவு எளிதான காரியமில்லை அது. சாராயம், சிறுநீரைக் கட்டுக்குள் வைக்கும் ஹார்மோனை அமுக்கிவிடுகிறது. அதனால் ராத்திரி எழுந்தாக வேண்டும். அண்ணனுக்கு ப்ராஸ்டேட் வீக்கம் வேறு. அதற்குச் சாப்பிட்ட டாம்சுலோசின், சட்டென்று எழுந்து நின்றால் பிரஷரை இறக்கும் குணமுள்ள மாத்திரை. கூடவே பிரஷருக்கு அம்லோடிபின். சாராயமும் ரத்தக்குழாயை விரித்துப் பிரஷரை இறக்கும். சுகருக்கு கிளிமிபிரைடு சாப்பிட்டுவிட்டு, சைடு டிஷ்ஷைக் கொறித்து, சாப்பாடு வேண்டாமென்று படுத்திருந்தார். கல்லீரல் சாராயத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரையை விடுவது தடைப்படும், சுகர் தாழ்ந்துபோகும். அப்படித் தாழும்போது வரும் வேர்வையும் உளறலும் பார்ப்பவர்களுக்கு மப்பு மாதிரியே தெரியும். இத்தனையும் ஒரே ஆளிடம், ஒரே நிமிஷத்தில், ஈரத் தரையில் சந்தித்தன.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் அண்ணன் படுக்கை விரிப்பில் இல்லாத பூச்சியைப் பொறுக்க ஆரம்பித்தார். செத்துப்போன தம்பியிடம் பேசினார். கை நடுங்கியது. பையன் அழுதான், அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று. டூட்டி டாக்டர் வந்து, “ஐயா தினமும் குடிப்பாங்களாம்மா?” என்று கேட்டார். “சேச்சே, எப்பவாவது பிரண்ட்ஸோடதான்” என்றார் அண்ணி. டாக்டர் போனதும் வராந்தாவில் என்னிடம் சொன்னார்: “தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் தம்பி. ரிட்டயர் ஆனதிலேருந்தே. சொன்னா இன்சூரன்ஸ் குடுக்க மாட்டாங்கன்னு பையன் சொல்லக் கூடாதுன்னுட்டான்.”

சனிக்கிழமைக் கூட்டாளிகளான எங்களுக்கே அது தெரியாது. நான் போய் டாக்டரிடம் சொன்னேன். வருஷக்கணக்காகத் தினமும் போய்க்கொண்டிருந்த சாராயம் திடீரென்று நின்றால் வருகிற குழப்பம் அது. வலிப்புவரை போகும், கவனிக்காவிட்டால் உயிருக்கும் ஆபத்து. அதற்கான மருந்தும் பி1 ஊசியும் போட்ட பிறகு சில நாளில் ஆள் தெளிந்தார். கண் விழித்து முதலில் மூக்குக்கண்ணாடியைத்தான் கேட்டார்.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் என்றால் சுமார் 77 மில்லி சுத்த சாராயம், எடையில் 61 கிராம். 65 வயதைத் தாண்டிய, மருந்து மாத்திரை சாப்பிடாத ஆரோக்கியமான ஆளுக்கே அமெரிக்காவில் வாரத்துக்கு 7 பானம்தான் உச்சவரம்பு என்று சொல்லிவந்தார்கள். அவர்கள் கணக்கில் ஒரு பானம் 14 கிராம். ஆக வாரம் முழுவதற்கும் 98 கிராம், அதாவது நம்மூர் குவார்ட்டரில் ஒன்றரைக்கும் கொஞ்சம் மேல். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அதையும் வைக்கவில்லை; பாதுகாப்பான அளவென்று எதுவுமே கிடையாது என்று சொல்லிவிட்டது. நம் பாட்டிலில் முன்பு மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று போட்டிருந்தார்கள். நாட்டைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர்கள், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கென்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

விட்டுவிட்டேன். கோவிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்ளவில்லை. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை போன்ற இடங்கள் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. எனக்கு அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை. தினமும் குடித்தவனில்லை என்பதால் நிறுத்துவதில் உடம்புக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. சிரமம் மொட்டை மாடியில்தான்.

“என்னய்யா, சுகரா?” என்றார்கள். இல்லை என்றேன். “ஹார்ட்டா?” இல்லை. “வீட்ல பிரச்சினையா?” அதுவும் இல்லை. அப்படியானால் விடுவதற்கு என்ன காரணம் என்று நிஜமாகவே அவர்களுக்குப் புரியவில்லை. நோய் ஒரு காரணம், சபரிமலை மாலை ஒரு காரணம், சத்தியம் ஒரு காரணம். “இப்பல்லாம் தாங்கலய்யா” என்று ஒருவன் சொன்னால் அது காரணமாக எடுபடாது, அவமானமாகத்தான் எடுபடும். மாலை போட்டவனை வற்புறுத்தாதவர்கள் என்னை வற்புறுத்தினார்கள்: “ஒரு கட்டிங் ஒண்ணும் பண்ணாது.” கடைசியில், டாக்டர் ஏதோ மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். உடனே விட்டுவிட்டார்கள். “சரி, சும்மா கம்பெனி குடு” என்றார்கள்.

சோடாவும் எலுமிச்சம்பழமுமாகக் கம்பெனி கொடுத்துப் பார்த்தேன். தெளிவாக உட்கார்ந்து கேட்டால், ஒருவர் ஆடிட் கதையை ஒரே சாயங்காலத்தில் மூன்று தடவை சொல்கிறார். மூன்று தடவையும் எல்லோரும் சிரிக்கிறார்கள். இத்தனை வருஷமாக நானும் சிரித்திருக்கிறேன். இன்னொருவரோடு குடியைத் தவிரப் பேச ஒரு விஷயமும் எனக்கு இருந்ததில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எட்டரைக்கே கிளம்ப ஆரம்பித்தேன், பிறகு மாசத்துக்கு ஒருமுறை என்று ஆயிற்று.

இழப்பே இல்லை என்று சொன்னால் பொய். எங்கள் வயசு ஆண்கள் பெண்ணின் கல்யாணக் கடனையும், பையன் பேசாமல் இருப்பதையும், செத்துப்போன மனைவியையும் இரண்டு ரவுண்டுக்கு மேலேதான் பேசப் பழகியிருக்கிறோம். டீக்கடையில் அந்தப் பேச்சு வருவதில்லை. டீக்கடையில் பென்ஷனும் அரசியலும்தான். அந்த இடத்துக்கு மாற்றாக நான் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தூக்கம் திரும்பிவிட்டது, அது லாபம். வீட்டில் இதைப் பெரிய திருப்பமாகக் கொண்டாடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். “குறட்டை குறைஞ்சிருக்குங்க, எனக்குத்தான் இப்ப தூக்கம் வருது” என்றாள் மனைவி. அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

அறுபதைத் தாண்டி இன்னும் குடிப்பவர்களிடம் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்கிற வயசா நமக்கு? ஆனால் தினமும் குடிப்பவராக இருந்தால், இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்டு, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். அவர் “குடிப்பீங்களா?” என்று கேட்டால் “எப்பவாவது” என்று சொல்லாதீர்கள். எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள், கூட என்னென்ன மாத்திரை என்று சொல்லுங்கள். நீங்கள் மழுப்பினால் உங்கள் வீட்டுக்காரம்மா சொல்லட்டும். அவரைக் கண்ணால் அடக்காதீர்கள்.