எட்டு சென்ட் குழியும் அறுநூறு தேளியும்!

காலேஜ் படிக்கும்போதே நாலு காசு பார்த்துடணும்னு துடிக்கிற ஆளா நீங்க? எங்க செட்டுல ஒருத்தன் சாயங்காலம் ஆனா பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றான். ஒருத்தி டென்த் பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறா. இன்னொருத்தன் டி-ஷர்ட் பிரிண்ட் போட்டு ஹாஸ்டல் ஹாஸ்டலா விக்கிறான். நான் என்ன பண்றேன்னு கேட்டா மட்டும் எல்லாரும் சிரிக்கிறாங்க. காரணம், நான் வளர்க்கிறது மீசை வெச்ச மீனு!

கண்ணாடித் தொட்டியில நீந்துற கலர் மீன் இல்லீங்க. குழம்புல கொதிக்கிற தேளி மீன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்க ஊர். வாழைத்தோப்புக்குப் பின்னாடி, ஒரு காலத்துல செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த குழி ஒண்ணு சும்மா கிடந்துச்சு. எட்டு சென்ட் இருக்கும். வருஷத்துல பாதி நாள் அதுல எருமை குளிக்கும், மீதி நாள் பசங்க கிரிக்கெட் பந்து விழும். அதுதான் என் கம்பெனி!

தேளியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன். கெளுத்தி சாதி. உடம்புல ஒரு செதில் கிடையாது, வாயைச் சுத்தி எட்டு மீசை. நெஞ்சுத் துடுப்புல ரெண்டு முள்ளு, அதுல விஷம். குத்துச்சுன்னா தேள் கொட்டின மாதிரி கடுக்கும். அதனாலதான் இந்தப் பேரு. எங்க ஜுவாலஜி புக்ல இதுக்கு ‘ஹெட்டரோநியூஸ்டஸ் ஃபாசிலிஸ்’னு ஒரு பேரு போட்டிருக்கு. அதைச் சொல்லிப் பழகுறதைவிட முள்ளு குத்து வாங்குறது ஈஸி!

ஆனா இந்த மீனோட நிஜமான கெத்து வேற. செவுளுக்குப் பின்னாடி, வால் பக்கம் வரைக்கும் நீளமா ரெண்டு காத்துப் பை இருக்கு. தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சா மத்த மீனெல்லாம் செத்து மிதக்கும்; இவரு கூலா மேலே வந்து ஒரு வாய் காத்து குடிச்சுட்டு உள்ளே போயிடுவாரு. சின்னக் குழி, கலங்கின தண்ணி, காத்து பம்ப் வாங்க காசில்லாத முதலாளி... இப்படி ஒரு கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடைக்குமா?

2023 மே மாசம். நான் பி.எஸ்சி. முதல் வருஷம் முடிச்சிருந்த நேரம். சூறைக்காத்துல எங்க வாழை பாதி சாஞ்சு போச்சு. அப்பா தலையில கடன், தங்கச்சிக்கு ஸ்கூல் ஃபீஸ். ‘குழியில மீன் விடலாம்பா’ன்னு நான் சொன்னப்போ அப்பா சரின்னுட்டார். ஆனா எந்த மீனுங்கிறதுலதான் பஞ்சாயத்து!

சேதி எப்படியோ வெளியே போக, ஒரு மீன் குஞ்சு புரோக்கர் வீட்டுக்கே வந்துட்டார். “தேளிக் குஞ்சு தாரேன் அண்ணாச்சி. ஆறு மாசத்துல ஒத்த மீனு ஒரு கிலோ வரும். தீனி செலவே இல்ல, கோழிக்கடைக் கழிவ அள்ளிப் போட்டா போதும். கிலோ 80 ரூவான்னு நானே வந்து எடுத்துக்கிடுதேன்” என்றார். அப்பா கண்ணுல பல்பு எரிஞ்சுது. அறுநூறு குஞ்சு விட்டு, செத்தது போக நானூறு தேறினாலே 32,000 ரூபாய்!

எனக்குச் சந்தேகம். “அந்த மீன கொஞ்சம் காட்டுங்க”ன்னேன். போன்ல போட்டோ காட்டினார். முதுகுத் துடுப்பு கழுத்துல ஆரம்பிச்சு வால் வரைக்கும் ஓடுது. நம்ம தேளிக்கு முதுகுத் துடுப்பு குட்டியூண்டு, நாமம் போட்ட மாதிரி இருக்கும். இந்த ஒரு அடையாளம் போதும் ஃப்ரெண்ட்ஸ், சந்தையில யாரும் உங்களை ஏமாத்த முடியாது. அவர் காட்டினது ஆப்பிரிக்கக் கெளுத்தி.

அதை நம்ம நாட்டுல வளர்க்க மத்திய அரசு 2000-ம் வருஷமே தடை போட்டுடுச்சு. 2019-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம், வளர்க்கிற இடத்துல இருக்கிறதையும் அழிக்கணும்னு உத்தரவு போட்டது. காரணம் சிம்பிள். அது சாப்பிடாத பொருளே கிடையாது. மீனு, மீன் குஞ்சு, தவளை, நத்தை, கழிவு... எல்லாம் உள்ளே போகும். ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரும். அதுவும் காத்து குடிக்கிற மீன்தான். ஈரம் இருந்தா தரையிலேயே ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போயிடும். போன இடத்துல நம்ம ஊர் மீனுக்குக் கஞ்சி கிடையாது.

இதையெல்லாம் மூச்சுவிடாம அப்பாகிட்ட ஒப்பிச்சேன். அவர் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஏல, நம்ம குழி, நம்ம தண்ணி, நம்ம மீனு. நாலு பக்கமும் கரை இருக்கு. இதுல ஊருக்கு என்னல வந்துது?”

சத்தியமா சொல்றேன், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சட்டம் தப்புங்குதுன்னு சொல்லலாம். ஆனா கடன்காரன் வாசல்ல நிக்கிற வீட்டுல சட்டம் பேசினா எடுபடுமா? கடைசியில காப்பாத்தினது ஆச்சிதான். “கோழிக் கழிவ கொண்டாந்து கொட்டுனியன்னா நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன். நாத்தம் பிடுங்கிட்டு எடுத்துரும்” என்று ஒரே போடு! புரோக்கர் காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

அப்புறம் வேலை ஆரம்பமாச்சு. குழியைக் காய வெச்சு, சேறு வெடிக்கிற வரைக்கும் விட்டோம். எட்டு கிலோ சுண்ணாம்பைத் தூவி, ஒரு வாரம் கழிச்சு கிணத்து மோட்டார்ல மூணரை அடிக்குத் தண்ணி ஏத்தினோம். கொஞ்சம் மாட்டுச் சாணம் கரைச்சு ஊத்தினதும் பத்து நாள்ல தண்ணி லேசா பச்சை கட்டுச்சு. முழங்கை வரைக்கும் கையை விட்டா உள்ளங்கை மங்கலா தெரியணும். தெரியவே இல்லைன்னா பச்சை ஜாஸ்தி, பளிச்சுன்னு தெரிஞ்சா கம்மி. லேப் எதுக்கு, கை இருக்கே!

குஞ்சுக்குப் பக்கத்து ஊர் குளத்துக்குப் போனோம். கோடையில குளம் வத்துறப்போ, மீன்பாசி குத்தகை எடுத்த அண்ணாச்சி வலை போடுவார். பெரிய மீன் சந்தைக்குப் போயிடும், விரல் நீள தேளிக் குஞ்சை யாரும் சீண்ட மாட்டாங்க. பொறுக்கி எடுத்து அறுநூறு குஞ்சு, 1,500 ரூபாய். எட்டு சென்ட்னா ஏறக்குறைய 320 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ரெண்டு மீன், அதுக்கு மேலே ஆசைப்படக் கூடாது. உப்புத் தண்ணியில ஒரு முக்கு முக்கி, குழித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா பாத்திரத்துல கலந்து பழக்கினதுக்கு அப்புறம்தான் உள்ளே விட்டோம்.

தீனி நைட் ஷிஃப்ட்! தேளி பகல்ல சேத்துல தூங்கும், பொழுது சாஞ்சதும் வேட்டைக்குக் கிளம்பும். தவிடு, கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் மூணையும் வேக வெச்சு உருண்டை பிடிச்சு, பழைய மண்சட்டியில வெச்சுக் கயித்துல இறக்குவோம். மொத்த மீன் எடையில 100-க்கு 5 பங்கு, வளர வளர 3 பங்கு. காலையில சட்டியைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தா அன்னைக்கு ராத்திரி அளவைக் குறைக்கணும். மிச்சத் தீனி அழுகினா தண்ணி கெட்டுடும். மாசம் ஒரு தடவை வீச்சு வலை போட்டு இருபது மீனை எடை பார்ப்பேன். நீர்க்காகத்துக்கும் தண்ணிப் பாம்புக்கும் டிக்கெட் கொடுக்காம இருக்கச் சுத்தி மூணடிக்கு நைலான் வலை.

முள்ளு குத்தினதா? ம்... நாலு தடவை. தாங்குற சூட்டுல வெந்நீர்ல கையை வெச்சா கடுப்பு குறையும்; வீக்கம் ஏறினா டாக்டர்கிட்ட ஓடிடணும். இது பாட்டி வைத்தியம் மட்டுமில்ல, அந்த விஷம் சூடு பட்டா வீரியம் இழந்துடும்.

டிசம்பர் முதல் வாரம் எடை போட்டப்போ ஒரு மீன் சராசரி 70 கிராம். பொங்கலுக்கு வித்துடலாம்னு கணக்கு. நாட்டுத் தேளிக்குக் கிலோ 350 ரூபாய் கொடுக்க ஆள் ரெடி.

அப்புறம் வந்தது டிசம்பர் 17.

பேப்பர்ல படிச்சிருப்பீங்க. 17, 18 ரெண்டு நாளும் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாவே தண்ணிக்குள்ள. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லேயே நின்னுபோச்சு. தாமிரபரணி ஒரு பக்கம், உடைஞ்ச குளங்கள் ஒரு பக்கம். நாங்க ஆச்சியைத் தூக்கிக்கிட்டு ஸ்கூல் மாடியில ரெண்டு ராத்திரி இருந்தோம். கீழே எங்க தெரு ஆறா ஓடுது.

மூணாம் நாள் தோப்புக்குப் போனா, குழி எது, வயக்காடு எது, வாய்க்கால் எதுன்னு தெரியல. எல்லாம் ஒரே தண்ணி. வலை ஒரு பனை மரத்துல சுத்திக் கிடந்துச்சு. கரை இருந்த இடமே தெரியல. ஆறு மாச வேலை, 9,000 ரூபாய் செலவு... தண்ணி வத்தினப்புறம் குழியில கிடைச்சது 23 தேளி. மீதியெல்லாம் கூட்டத்தோட எஸ்கேப்!

நான் தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டேன். ஆச்சிதான், “போனா போவுது விடுய்யா. குளத்துல இருந்து வந்தது, குளத்துக்கே போயிட்டு” என்றாள். அப்பா எதுவும் பேசல. உடைஞ்ச கரையையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார்.

2024 கோடையில, குளம் வத்தினதும் மறுபடியும் அதே அண்ணாச்சிகிட்ட குஞ்சு வாங்கப் போனோம், இந்தத் தடவை அப்பாவும் நானும். வலையில நிறைய தேளி வந்துச்சு. ‘அதுல நம்ம மீனும் இருக்குமாப்பா?’ன்னு கேட்டேன். “ஆதார் கார்டு கேட்டுப் பாரு”ன்னு சிரிச்சார்.

அடுத்த வலையில சிரிப்பு நின்னுபோச்சு. கை நீளத்துக்கு ஒண்ணு துள்ளுச்சு. ரெண்டு கிலோவுக்கு மேலே இருக்கும். முதுகுத் துடுப்பு வால் வரைக்கும். அண்ணாச்சி கரையிலேயே அதை அறுத்துப் போட்டார். வயித்துக்குள்ள ஒரு கைப்பிடி மீன் குஞ்சு, பாதி செரிச்சும் செரிக்காமலும். “இப்படி இதோட எட்டு ஆச்சு. முன்னால இந்தக் குளத்துல இந்த மீனக் கண்டதே கிடையாது”ன்னார்.

அப்பா மெதுவா கேட்டார். “இது எவன் குழில இருந்து வந்துதோ?”

யாரும் பதில் சொல்லல. சொல்லவும் முடியாது. அவனும் தன்னோட குழி, தன்னோட மீன், நாலு பக்கமும் கரைன்னுதான் நினைச்சிருப்பான். எனக்கு ஒரு வருஷமா கிடைக்காத பதில் அந்தக் கரையில வயிறு கிழிஞ்சு கிடந்துச்சு. வெள்ளத்துல எங்க குழி உடைஞ்சப்போ போனது எங்க காசு மட்டும்தான். எங்க குழியில அறுநூறு ஆப்பிரிக்கக் கெளுத்தி இருந்திருந்தா, போயிருக்கிறது இந்தக் குளமும் இதுக்குக் கீழே இருக்கிற குளங்களும்.

ரெண்டு நாள் கழிச்சு அதே புரோக்கர் போன் போட்டார். இந்தத் தடவை குஞ்சுக்குப் பாதி காசு இப்போ, மீதி அறுவடைக்கு அப்புறம்னு ஆஃபர். அப்பா, “வேண்டாம் அண்ணாச்சி. அந்த மீனுக்கு எங்க கரை பத்தாது”ன்னு சொல்லிட்டு கட் பண்ணிட்டார். கடன் அப்போவும் தீரலைங்க. அதையும் சொல்லிடணும்.

கரையை ரெண்டடி உயர்த்தி, வலை புதுசா கட்டி, திரும்பவும் அறுநூறு தேளி விட்டோம். 2025 பொங்கலுக்கு முன்னாடி தண்ணியை முழுசா இறைச்சுப் பிடிச்சோம் (சேத்துக்குள்ள புதையுற பார்ட்டி, சும்மா வலை போட்டா பாதிதான் வரும்). தேறினது 430 மீன், 34 கிலோ. வீட்டுக்கும் சொந்தக்காரங்களுக்கும் 4 கிலோ போக, 30 கிலோ வித்து 10,500 ரூபாய். செலவு 8,500. லாபம் முழுசா 2,000 ரூபாய்! அம்பானி லிஸ்ட்ல சேர கொஞ்சம் லேட் ஆகும் போல. ஆனா என் எக்ஸாம் ஃபீஸை நானே கட்டினேன். வலை ஏற்கெனவே இருக்கிறதால அடுத்த தடவை செலவும் குறையும்.

இப்போ எம்.எஸ்சி. சேர்ந்தாச்சு, குழியிலயும் அடுத்த செட் ஓடிக்கிட்டு இருக்கு. உங்க ஊர்லயும் ஒரு குழியோ, பண்ணைக்குட்டையோ சும்மா கிடந்தா தாராளமா இறங்குங்க. எங்களுக்கு முதல் தடவை 9,000 ரூபாய் செலவாச்சு. காலையில அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கினா போதும். குஞ்சு வாங்குறப்போ மட்டும் மீனைக் கையில வாங்கித் திருப்பிப் பாருங்க. முதுகுத் துடுப்பு குட்டியா இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம் காசைக் கொடுங்க.

அப்புறம், பிடிக்கிறப்போ தலைக்குப் பின்னாடி பிடிங்க. நாலு குத்து வாங்கினவன் சொல்றேன்!